மறைந்திருக்க இடமில்லாத கல்லூரி

இன்றைய பொருள், அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அது எப்படிப்பட்டது, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, பொருத்தத்தை ஒரு மாணவரும் அவர் குடும்பமும் எப்படிக் கண்டறிவது? இந்த நான்கு கேள்விகளே இந்தப் பேச்சின் எல்லை.

சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது இளநிலைப் பட்டத்துக்காகவே நடத்தப்படும் உறைவிடக் கல்லூரி. படிப்பு நான்கு ஆண்டு. மாணவர் தொகை பெரும்பாலும் 1,000 முதல் 3,000 வரை. மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், அயோவாவில் கிரின்னெல், மினசோட்டாவில் கார்ல்டன், கலிஃபோர்னியாவில் பொமோனா, ஓரிகனில் ரீட். இவை போல இன்னும் பல உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 50,000க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். ஆம்ஹர்ஸ்டில் நான்கு ஆண்டு மாணவர்களையும் சேர்த்தால் சுமார் 1,900 பேர். தமிழ்நாட்டின் ஒரு நகரத்துப் பெரிய மேல்நிலைப் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கணக்குதான் அது.

அங்கே என்ன சொல்லித்தருகிறார்கள்? இயற்பியல் உண்டு, வேதியியல் உண்டு, கணிதம் உண்டு, கணினி அறிவியல் உண்டு. பொருளியல், வரலாறு, மெய்யியல், இசை, நாடகம் எல்லாம் உண்டு. மாணவர் ஒரு துறைக்கு விண்ணப்பிப்பதில்லை, கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். முதல் இரண்டு ஆண்டும் பல துறைகளைத் தொட்டுப் பார்க்கிறார். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில்தான் மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தை அறிவிக்கிறார். இங்கே பதினேழு வயதில், விண்ணப்பப் படிவத்திலேயே, பி.காம். அல்லது பி.எஸ்சி. என்று எழுதிவிட்டுத்தான் மாணவர் கல்லூரிக்குள் காலடி வைக்கிறார். அங்கே அந்த முடிவுக்குப் பத்தொன்பது இருபது வயது வரை பொறுத்திருக்கிறார்கள்.

அவையோரே, இந்தக் கல்லூரிகள் நேற்று முளைத்தவை அல்ல. வில்லியம்ஸ் 1793இல் தொடங்கப்பட்டது. ஆம்ஹர்ஸ்ட் 1821இல். ஒஹாயோவில் உள்ள ஓபர்லின் 1833இல் தொடங்கி, 1835இல் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதென்று முடிவெடுத்து, 1837இல் பட்ட வகுப்பில் பெண்களையும் சேர்த்தது. அதே 1837இல் மேரி லயன் பெண்களுக்கென்று மவுண்ட் ஹோலியோக்கைத் திறந்தார்.

இவற்றுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், இடி மழைக்கு ஒரு வைக்கோல் போரின் அடியில் ஒதுங்கிப் பிரார்த்தனை செய்தபோது கடல் கடந்து சமயப்பணி ஆற்றுவதென்று உறுதி கொண்டார்கள். அந்த எண்ணத்திலிருந்து 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். 1834இல் மதுரைக்கு வந்தார்கள். 1881இல் அவர்கள் பசுமலையில் வைத்த வித்துதான் இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி. வட்டுக்கோட்டையில் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானவியலும் ஒரே கூரையின் கீழ்க் கற்றார்கள். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே. சிறிய உறைவிடக் கல்லூரியில் பல துறைக் கல்வி என்பது தமிழர் அறியாத புதுமையன்று.

வரலாறு போதும், பொருளுக்கு வருவோம். இந்தக் கல்லூரிகளைப் பற்றி எத்தனை நூறு செய்திகள் சொன்னாலும், எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: அளவு சிறியது. சிறியது என்பதால் கிடைப்பது எது? சிறியது என்பதால் இழப்பது எது? கிடைப்பதும் இழப்பதும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. அந்தக் காரணத்தை ஒரே வரியில் சொல்லலாம். சிறிய கல்லூரியில் ஒரு மாணவர் மறைந்திருக்க இடமில்லை.

முதலில் கிடைப்பதைப் பார்ப்போம்.

முன்னணிக் கல்லூரிகளில் ஏழெட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலும் பத்திலிருந்து இருபத்தைந்து பேர். பெரிய பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் அமர்ந்திருப்பார்கள். பேராசிரியர் மேடையில் நின்று பேசிவிட்டுப் போவார். விடைத்தாளைத் திருத்துவதும் ஐயம் தீர்ப்பதும் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள். சிறிய கல்லூரியில் முனைவர் பட்ட மாணவர் இல்லை. ஆகவே பேராசிரியரே நடத்துகிறார், பேராசிரியரே திருத்துகிறார், வராத மாணவரை ஏன் வரவில்லை என்று பேராசிரியரே கேட்கிறார்.

வில்லியம்ஸ் கல்லூரியில் டியூட்டோரியல் என்று ஒரு முறை. ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர், வகுப்பு அவ்வளவுதான். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வந்து வாசிப்பார், மற்றவர் அதை விமர்சிப்பார். மறுவாரம் இடம் மாறும். படிக்காமல் வந்தவர் அங்கே எந்த முதுகுக்குப் பின்னால் ஒளிவார்? ஸ்வார்த்மோரில் 1922இல் ஃபிராங்க் ஐடெலாட் ஹானர்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் சேர்ந்த மாணவரை இறுதியில் மதிப்பிடுவது அவருக்குக் கற்பித்த ஆசிரியரல்லர். வேறு நிறுவனங்களிலிருந்து வரும் அறிஞர்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, நேரில் அமர்ந்து கேள்விக்கு விடை சொல்லும் தேர்வும் உண்டு. அங்கும் மறைந்திருக்க இடமில்லை.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். முனைவர் பட்ட மாணவர் இல்லாத இடத்தில் பேராசிரியரின் ஆய்வுக்குக் கை கொடுப்பவர் யார்? இளநிலை மாணவர்தான். பத்தொன்பது வயதில் கருவியைத் தொடுகிறார். இருபதில் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருவதும் உண்டு. 1989இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் செக் கிரின்னெல் கல்லூரியில் படித்தவர். 2006இல் இயற்பியல் பரிசு பெற்ற ஜான் மேதர் ஸ்வார்த்மோர் மாணவர். 2020இல் மரபணுத் திருத்தத்துக்காக வேதியியல் பரிசு பெற்ற ஜெனிஃபர் டவுட்னா பொமோனாவில் 1985இல் பட்டம் பெற்றவர். டவுட்னாவுக்கு இடையில் அறிவியல் தனக்கு வருமா என்று ஐயம் வந்தது. பிரெஞ்சு மொழிக்கு மாறிவிடலாமா என்று நினைத்தார். அறிவியலிலேயே நிலைத்திரு என்று அறிவுரை சொன்னவர் யார் தெரியுமா? அவருடைய பிரெஞ்சு ஆசிரியர். தம் துறைக்கு வர விரும்பிய மாணவியை, இவளுக்கு ஏற்றது அதுதான் என்று வேறு துறைக்கே திருப்பி அனுப்பும் அளவுக்கு அந்த ஆசிரியர் அவரை அறிந்திருந்தார்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது. ராபர்ட் நாய்ஸ் என்றொரு மாணவர். அயோவா மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் கிரின்னெல். அந்த ஊர்ப் பிள்ளை அவர். கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாய்ஸைக் கல்லூரி இயற்பியல் வகுப்பில் உட்கார அனுமதித்தார். பின்னர் நாய்ஸ் அதே கல்லூரியில் சேர்ந்தார். 1948இல் விடுதி விருந்துக்காக, அருகிலிருந்த பண்ணையிலிருந்து ஒரு பன்றிக்குட்டியைத் திருடினார். மறுநாள் தாமே போய் ஒப்புக்கொண்டார். அயோவாவில் கால்நடைத் திருட்டு கடுங்குற்றம். சிறை உறுதி என்ற நிலை. பேராசிரியர் கேலும் கல்லூரித் தலைவரும் பரிந்து பேசினார்கள். ஒரு பருவம் கல்லூரியை விட்டு விலக்கியதோடு விஷயம் முடிந்தது.

அதே 1948இல் பெல் ஆய்வுக்கூடம் டிரான்சிஸ்டர் என்ற கருவியை உலகுக்கு அறிவித்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன் கேலுக்கு முன்பே பழக்கமானவர். பெல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆலிவர் பக்லியோ கிரின்னெலின் பழைய மாணவர். கேல் விடுவாரா? செய்திகளையும் குறிப்புகளையும் திரட்டித் தம் மாணவர்களுக்கு டிரான்சிஸ்டரைக் கற்பிக்கத் தொடங்கினார். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் பெயரே நுழையாத காலத்தில், சோளக்காட்டு நடுவில் ஒரு சிறு வகுப்பு அதைப் படித்தது. தண்டனை முடிந்து திரும்பிய நாய்ஸ் 1949இல் பட்டம் பெற்றார். பின்னாளில் ஒருங்கிணைந்த மின்சுற்றைப் படைத்தவர்களில் ஒருவரானார். 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவரே.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது எது? நாய்ஸின் அறிவு எல்லார் கண்ணிலும் பட்டது. நாய்ஸின் குற்றமும் எல்லார் கண்ணிலும் பட்டது. ஓர் ஆசிரியர் அவரை முழுவதுமாக அறிந்திருந்ததால்தான் குற்றத்தையும் தாண்டி அவரைக் காக்க முடிந்தது. சிறிய கல்லூரி தரும் பெரும்பேறு இதுவே.

இனி மறுபக்கம். சிறியது என்பதால் இழப்பது எது?

முதல் இழப்பு, பாடங்களின் எண்ணிக்கை. ஒரு துறையில் ஐந்தாறு ஆசிரியர் மட்டுமே இருந்தால், ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் அவர் நடத்தும் பாடமும் அந்த ஆண்டு விடுப்பில் போகும். பாடப் பட்டியலில் அச்சான பாடம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். கணிதத்தில் மிக முன்னேறிய மாணவர் மூன்றாம் ஆண்டிலேயே அங்குள்ளதை முடித்துவிடலாம். மேலே ஏற முதுநிலை வகுப்புகள் அங்கே இல்லை.

இரண்டாம் இழப்பு, தொழிற்படிப்பு. பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பொறியியல் கிடையாது. விலக்குகள் உண்டு: ஸ்வார்த்மோரிலும், பெண்கள் கல்லூரியான ஸ்மித்திலும், 1955இல் அறிவியலுக்கும் பொறியியலுக்குமென்றே தொடங்கிய ஹார்வி மட்டிலும் பொறியியல் உண்டு. மூன்றாண்டு கல்லூரியில், இரண்டாண்டு பொறியியல் பல்கலைக்கழகத்தில் என்று இரட்டைப் பட்டத் திட்டமும் சில இடங்களில் உண்டு. ஆனால் சிவில் பொறியியல்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் மாணவருக்கு நேரான பாதை வேறு. மருத்துவம் படித்து இந்தியாவில் தொழில் செய்ய விரும்புகிறவருக்கும் இது சுற்றுவழி. அமெரிக்காவில் மருத்துவம் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் படிப்பு. அதிலும் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பல வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதே இல்லை.

மூன்றாம் இழப்பு, ஊர். இந்தக் கல்லூரிகளில் பல சிற்றூர்களில் இருக்கின்றன. மினசோட்டாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போவது வியப்பன்று. பேருந்து அரிது. தமிழ்க்கடை, கோயில், தமிழ்ச்சங்கம் எல்லாம் அடுத்த பெருநகரத்தில். சைவ உணவு கிடைக்கும். ஆனால் நான்கு ஆண்டும் அதே ஒரே உணவுக்கூடம். பெருநகரத்துக் கூட்டத்தில் சுதந்திரம் காணும் இயல்புள்ள மாணவருக்கு இது மூச்சு முட்டும்.

நான்காம் இழப்பு நுட்பமானது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில், நட்பு முறிந்தால் ஒதுங்கிப் போக வேறு கூட்டம் இல்லை. ஓர் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதே துறையில் அவரிடமே இன்னும் இரண்டு பாடம் படிக்க வேண்டியிருக்கும். மறைந்திருக்க இடமில்லை என்பது வகுப்பில் வரம். மனம் சோர்ந்த நாளில் அதுவே பாரம்.

ஐந்தாம் இழப்பு, பெயர். ஆம்ஹர்ஸ்டிலோ கார்ல்டனிலோ படித்தேன் என்றால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுத் துறைகளில் மதிப்பார்கள். சென்னையிலோ கோவையிலோ வேலை தரும் நிறுவனத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். உறவினர் வீட்டுத் திருமணத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் குறைகளைக் கல்லூரிகள் அறியாமல் இல்லை. அதனால்தான் பக்கத்துக் கல்லூரிகள் கூட்டுச் சேர்கின்றன. கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் பொமோனா, ஹார்வி மட் உள்ளிட்ட ஐந்து இளநிலைக் கல்லூரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன; ஒன்றில் சேர்ந்தவர் மற்றவற்றில் பாடம் படிக்கலாம், நூலகம் பொது. ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் அருகிலுள்ள மாசசூசெட்ஸ் அரசுப் பல்கலைக்கழகத்திலும் பாடம் எடுக்கலாம். பாட எண்ணிக்கைக்கு அஞ்சும் மாணவர் இப்படிக் கூட்டுள்ள கல்லூரியை நாடுவது அறிவுடைமை.

அப்படியானால் சிறிய கல்லூரிகள் எல்லாம் ஒன்றுதானா? ஒருபோதும் இல்லை! அளவில் ஒத்திருப்பவை குணத்தில் பெரிதும் வேறுபடுகின்றன.

மேரிலாந்திலும் நியூ மெக்சிகோவிலும் வளாகங்கள் கொண்ட செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மேஜரே கிடையாது. 1937 முதல் எல்லா மாணவரும் ஒரே பாடத்திட்டம்: ஹோமரில் தொடங்கி, பிளேட்டோ, யூக்ளிட், நியூட்டன் என்று மூலநூல்களையே படித்து, மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதிப்பது. ஆம்ஹர்ஸ்டிலும் கிரின்னெலிலும் நேர்மாறு. முதலாண்டுக்கென ஒரு கட்டாயப் பாடம் தவிர, மேஜருக்கு வெளியே எதைப் படிப்பது என்பது பெரும்பாலும் மாணவர் விருப்பம். கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம்; மூன்றரை வாரத்தில் அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ரீட் கல்லூரியில் மதிப்பெண் பதிவாகிறது, ஆனால் தேறிய மாணவருக்குக் கேட்டால்தான் சொல்வார்கள். கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதாமல் பட்டம் இல்லை. கென்டக்கியின் பெரியா கல்லூரியில் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. எல்லா மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும்.

மதிப்பெண்ணே உந்துவிசையாக வளர்ந்த மாணவர் ரீடில் தவிப்பார். மூன்றரை வாரத்தில் இயற்கணிதம் முழுவதையும் விழுங்க முடியாதவர் கொலராடோவில் திணறுவார். பேசக் கூசுகிறவருக்குச் செயின்ட் ஜான்ஸ் கடினம். ஆகவே தரவரிசைப் பட்டியலில் எந்த எண் என்று கேட்பதைவிட, அங்கே ஒரு வாரம் எப்படிக் கழியும் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அடுத்தது, பெற்றோர் முதலில் கேட்க நினைத்துக் கடைசியில் கேட்கும் கேள்வி. பணம்!

முன்னணி லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. நான்கு ஆண்டுக்குக் கணக்கிட்டால் தலை சுற்றும். ஆனால் அறிவித்த கட்டணம் வேறு, ஒரு குடும்பம் உண்மையில் கட்டும் தொகை வேறு. பழைய மாணவர்கள் கொடுத்த நன்கொடை நிதி பெருகியிருக்கும் கல்லூரிகள், குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகின்றன. இங்கே ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். பணம் கட்ட முடியுமா என்று பாராமல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் ஒரு வகை. பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் இன்னொரு வகை. அமெரிக்க மாணவர் விஷயத்தில் பாராத கல்லூரிகள்கூட வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் பார்க்கின்றன. வெளிநாட்டவரிடமும் பாராத கல்லூரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆம்ஹர்ஸ்டும் மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். மற்ற இடங்களில், பெரிய உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவருக்குச் சேர்க்கையின் கதவு இன்னும் ஒடுங்கும்.

இதில் எர்லி டிசிஷன் என்னும் முன்கூட்டிய விண்ணப்பத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ஒரே ஒரு கல்லூரிக்கு, இடம் கிடைத்தால் சேர்வேன் என்று வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்கும் முறை அது. இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடலாம். ஆனால் நான்கு கல்லூரிகளின் உதவித்தொகையை அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும். உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பம், கல்லூரி தரும் மதிப்பீட்டை முன்னதாகவே பெறாமல் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது.

பணத்தில் இன்னொரு பக்கம் உண்டு: கல்லூரியின் பணம். எல்லாச் சிறு கல்லூரியும் செல்வம் கொழிப்பதில்லை. வெர்மான்டின் மார்ல்பரோ கல்லூரி 2020இல் மூடியது. நியூயார்க் மாநிலத்தில் 1868இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி 2024இல் மூடியது. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் பெண்கள் கல்லூரி 2015இல் மூடப்போவதாக அறிவித்தபோது, பழைய மாணவிகள் நிதி திரட்டி, நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றினார்கள். மாணவர் கட்டணத்தையே நம்பி ஓடும் சிறு கல்லூரியில் சேர்க்கை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து குறைந்தால் அடித்தளம் ஆடும். ஆகவே மாணவர் தொகை கூடுகிறதா குறைகிறதா, துறைகள் மூடப்படுகின்றனவா, நன்கொடை நிதி எவ்வளவு என்று பார்ப்பது வீண் சந்தேகமன்று, கடமை.

பட்டம் பெற்ற பிறகு? நடப்பு விதிகளின்படி, மாணவர் விசாவில் படித்தவர் அமெரிக்காவில் ஓராண்டு தம் துறையில் வேலை செய்து பழகலாம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதத் துறைகளில் பட்டம் பெற்றவருக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. ஒரு கல்லூரியில் பொருளியல் அந்த நீட்டிப்புக்குரிய பட்டமாக இருக்கும், இன்னொன்றில் இராது. சேர்வதற்கு முன்பே கேட்டறிய வேண்டிய செய்தி இது. ஆய்வுப் படிப்பை நாடுவோர்க்கோ இந்தக் கல்லூரிகள் நல்ல ஏணி. மாணவர் தொகைக்கு எத்தனை பேர் முனைவர் பட்டம் வரை செல்கிறார்கள் என்ற கணக்கில் ஸ்வார்த்மோர், ரீட், கார்ல்டன், ஹார்வி மட் ஆகியவை நாட்டின் முன்வரிசையில் நிற்கின்றன.

கடல் கடக்காமலும் இந்தக் கல்வியைத் தேட வழி வந்திருக்கிறது. ஹரியானாவின் சோனிபட்டில் 2014இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம், பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் ஆகியவை பல துறைக் கல்வியை முன்னிறுத்துகின்றன. கட்டணத்திலும் அளவிலும் அவை தம்முள் வேறுபடுகின்றன. ஆனால் இந்தப் பேச்சில் எழுப்பும் கேள்விகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

அப்படியானால் முடிவெடுப்பது எப்படி? கல்லூரியை ஆராய நான்கு வழி; தன்னை ஆராய நான்கு கேள்வி.

கல்லூரியை ஆராயும் முதல் வழி, பாடப் பட்டியல். அச்சிட்ட முழுப் பட்டியலை விட்டுவிட்டு, வரும் பருவத்தில் உண்மையில் நடக்கும் பாடங்களின் அட்டவணையை எடுக்க வேண்டும். விருப்பமான துறையில் எத்தனை பாடம், எத்தனை ஆசிரியர் என்று எண்ண வேண்டும். இரண்டாம் துறையிலும் எண்ண வேண்டும். மனம் மாறும் மாணவர் ஏராளம். இரண்டாம் வழி, காமன் டேட்டா செட் என்ற பெயரில் கல்லூரிகள் பல ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரம். எத்தனை வகுப்புகளில் இருபதுக்குக் குறைவான மாணவர், முதலாண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வெளிநாட்டு மாணவருக்கு எவ்வளவு உதவி என்பதெல்லாம் அதில் கிடைக்கும். மூன்றாம் வழி, ஒரு வகுப்பைப் பார்ப்பது. நேரில் போக முடியாதவர் இணையவழி மாதிரி வகுப்பில் அமரலாம். ஆசிரியர் பேசும் நேரம் எவ்வளவு, மாணவர் பேசும் நேரம் எவ்வளவு என்று கவனித்தால் போதும். நான்காம் வழி, அங்கே படிக்கும் மாணவரிடம் பேசுவது. கல்லூரி பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பார். இங்கிருந்து விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

இனி தன்னை ஆராயும் கேள்விகள். ஒன்று: விடை தெரியாத நேரத்திலும் இருபது பேர் முன்னால் வாய் திறக்கத் துணிவு உண்டா? இன்று இல்லாவிட்டாலும் பழகிக்கொள்ள விருப்பமாவது உண்டா? இரண்டு: ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டும் பழக்கம் வருமா? அங்கே கதவு திறந்தேதான் இருக்கும். ஆனால் தட்டாதவரை யாரும் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகமாட்டார்கள். மூன்று: எழுதப் பிடிக்குமா? வேதியியல் மாணவரும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய இடம் அது. நான்கு: எந்தத் தொழில் என்று தீர்மானமாகிவிட்டதா, தேடல் இன்னும் நடக்கிறதா? தீர்மானமாகிவிட்டவருக்குத் தொழிற்கல்லூரி குறுக்குவழி. தேடுகிறவருக்கு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி நல்ல களம்.

கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது ஆகாதா என்ற கேள்வி எழும். ஆகும். முந்நூறு பேர் வகுப்பில் நான்கு ஆண்டும் ஒரு வார்த்தை பேசாமல் பட்டம் வாங்கிவிடக்கூடிய மாணவரை, பன்னிரண்டு பேர் வகுப்பு மெல்ல மெல்லப் பேசவைக்கும். கூச்சம் தடையன்று, கண்டுகொள்ளப்படுவதையே விரும்பாமை தடை. தனியே படிப்பேன், தேர்வு எழுதுவேன், யாரும் என்னைக் கேள்வி கேட்க வேண்டாம் என்ற இயல்பு ஒரு குற்றமில்லை. அந்த இயல்போடு பெரிய பல்கலைக்கழகத்தில் ஓங்கி வளர்ந்தவர் பலர். ஆனால் அந்த இயல்பினர் சிறிய கல்லூரிக்குப் போனால், அது தரும் நன்மையைப் பெறாமல் அதன் குறைகளை மட்டும் சுமந்து திரும்புவார்: பாடம் குறைவு, ஊர் சிறிது, பெயர் தெரியாது, செலவு அதிகம்.

ஆகவே அவையோரே, தீர்ப்பு இது. ஆசிரியரால் அறியப்பட விரும்பும் மாணவர், பல துறையைத் தொட்டுப் பார்க்கும் ஆவலுள்ளவர், எழுத்துக்கும் பேச்சுக்கும் அஞ்சினாலும் விலகாதவர், சிற்றூரில் நான்கு ஆண்டு தங்க மனமுள்ளவர் ஆகியோருக்குச் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி பொருந்தும். குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய செலவில், நிதி உறுதியுள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால் தயங்காமல் போகலாம். தொழில் தீர்மானமானவர், ஒரே துறையின் ஆழத்தை முதுநிலை வரை அங்கேயே தொட விரும்புகிறவர், பெருநகரத்தின் கூட்டத்தை நாடுகிறவர், கடன் வாங்கியே முழுச் செலவையும் கட்ட வேண்டியவர் ஆகியோர் வேறு வழி பார்ப்பதே நலம். இரண்டு பக்கத்தையும் எடைபோட்ட பிறகும் ஐயம் நீடித்தால், இரு வகைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்து, உதவித்தொகைக் கடிதங்கள் கைக்கு வந்த பின் முடிவெடுக்கலாம். வழக்கமாக மே முதல் தேதி வரை அதற்கு அவகாசம் உண்டு.